ஐந்தாம் வகுப்புத் தகுதித் தேர்வு

நண்பர்கள் கூடினால் ஐந்தாம் வகுப்புக் கேள்விகளைக் கேட்டு ஒருவரையொருவர் சோதிக்கும் வழக்கம் போற்றத்தக்கது. இதயத்துக்கு எத்தனை அறை என்றதும், கடன் வாங்கி மூன்று படுக்கையறை வீடு கட்டியவர் விழிக்கிறார். தமிழ் எழுத்துகள் 247 என்று தெரியாமலே ஒருவர் காரில் ‘தமிழ் வாழ்க’ ஒட்டியிருக்கிறார் (என்ன துணிச்சல்!). கல்யாணம், வங்கிக் கடன், வேட்புமனு எல்லாவற்றுக்கும் இத்தேர்வைக் கட்டாயமாக்கலாம். தோற்றவர் அரைக்கால் சட்டையோடு மறுபடி வகுப்பில் உட்காரட்டும், பேரனுக்கும் துணையாயிற்று.

நேற்றைய கேள்வி: கோள்கள் எத்தனை? எட்டு என்றவருக்குச் சுழியம். கேட்டவர் படித்த புத்தகத்தில் ஒன்பது. 2006இல் புளூட்டோவைப் பட்டியலிலிருந்து நீக்கிய சர்வதேச வானியல் ஒன்றியம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. மறுகூட்டல் உண்டு, கட்டணம், எல்லோருக்கும் காபி.