ரெண்டு நிலாவைக் கட்டிக்கிட்டு வந்த பேராண்டி

ஏலே பேராண்டி, ஊசியை எடுத்துட்டு இங்கன வந்து உக்காரு. முழங்கையில ஒரு முள்ளு. சீமைக்கருவேல முள்ளு, ஆழமா ஏறிக் கெடக்கு. நீ எடுத்துக்கிட்டே இரு, நான் பேசிக்கிட்டே இருக்கேன்.

கார்ல புது பல்பு மாட்டியிருக்கியாமே? நீ சொல்லவே வேண்டாம். முந்தாநாள் ராத்திரி எட்டயபுரம் ரோட்டுல நீ வரயில, பனைமரத்துக் காக்கா பூராவும் விடிஞ்சிருச்சுன்னு கத்துச்சாம். நல்ல வெளிச்சம்தாம்லே. உனக்கு ரோடு தெரியுதோ இல்லியோ, எதிர்ல வாரவனுக்குச் செத்துப்போன பாட்டன் முகம் தெரியுது.

பல்பு டப்பாவுல என்ன போட்டிருக்கான், வாசி. ஆறாயிரம் கெல்வினா? அடேயப்பா. அம்புட்டு வெளிச்சம்னு கடைக்காரன் சொன்னானாக்கும். அது வெளிச்சத்தோட அளவு இல்லடா, நிறத்தோட கணக்கு. மஞ்சளா எரியுற சாதா ஹாலஜன் 3,200 பக்கம். அந்த எண்ணு ஏற ஏற வெளுத்து, அப்புறம் நீலம் பாயும். ஹாலஜன் கண்ணாடி மேலயே நீலச்சாயம் பூசி விக்கானே, அது இன்னும் விசேஷம். வார வெளிச்சத்துல ஒரு பங்கைச் சாயமே முழுங்கிரும். காசு கொடுத்து இருட்டு வாங்குறது அதுதான்.

மெதுவாக் குத்துடா, அது கை, வெள்ளரிக்கா இல்ல.

உன் கார்ல முன்னாடி இருந்தது எச்-4 பல்பு. 1971லயே வந்தது. தாத்தன் மாதிரி பழசுதான், ஆனா தாத்தன் மாதிரியே வெவரம். உள்ள ரெண்டு இழை. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. டிம் இழைக்கு அடியில ஒரு சின்னத் தகடு, குழிஞ்ச கரண்டி மாதிரி இருக்கும், பாத்திருக்கியா? ரிப்ளெக்டரோட கீழ்ப்பாதியில வெளிச்சம் விழாம அது மறைச்சு நிக்கும். கீழ்ப்பாதியில விழுந்தா வெளிச்சம் மேல ஏறி எதிராளி கண்ணுல அடிக்குமில்ல, அதுக்காக. அந்தக் கரண்டியை வச்சவன் முன்பின் தெரியாத ஒருத்தன் கண்ணை நெனச்சு வச்சிருக்கான். நீ அதைக் கழட்டிட்டு எல்ஈடி மாட்டிட்ட. அதுல இழைக்குப் பதிலா பொட்டு பொட்டா சில்லு. பழைய இழை இருந்த எடத்துல அச்சு அசலா அது உக்காரலேன்னா, ரிப்ளெக்டர் என்ன செய்யும் பாவம்? கண்ட பக்கமும் வாரி எறைக்கும். பாத்திக்குப் பாயணும்னு வெட்டின வாய்க்கால்ல கம்மாயை ஒடச்சு விட்டாப்புல. உனக்குத் தண்ணி நெறைய வந்த மாதிரிதான் இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரனைக் கேட்டாத்தான் சேதி தெரியும்.

சரி, அப்ப நூறு-தொண்ணூறு வாட் ஹாலஜன் போடவான்னு அடுத்துக் கேப்ப. தாராளமாப் போடு. 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் இழுக்கிற வயர், 100 வாட்டுக்கு 8க்கு மேல இழுக்கணும். வயர்ல சூடு ரெண்டே முக்கா மடங்கு ஏறும். ஹோல்டர் உருகும், ரிப்ளெக்டர் கருகும். தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டிப் பக்கம் பொறந்துட்டு, கார்ல ஒண்ணும் பத்தலேன்னா நல்லாவா இருக்கும்?

நான் லாரி ஓட்டுன காலத்துல ஹெட்லைட் கண்ணாடி நடுவுல கறுப்புப் பெயிண்ட்ல ஒரு பொட்டு வச்சிருப்போம். ஒரே டிம்மு, ஒரே பிரைட்டு. எதிர்ல வண்டி வந்தா டிம் அடிப்போம், அவனும் அடிப்பான். இப்ப நாலு வழிச்சாலையில நடுவுல அரளி வச்சு வளத்திருக்கான், அங்கிட்டு வெளிச்சம் இங்கிட்டு வராம இருக்க. நம்ம ஊர் ரோட்டுல அரளிக்கு எங்கடா போறது?

சட்டமும் இருக்குடே. 1989ல வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 106ஆம் விதி. வண்டிக்கு 8 மீட்டர் தள்ளி, தரையிலேருந்து ஒண்ணரை மீட்டர் ஒயரத்துல ஒருத்தன் கண்ணு இருந்தா, அது கூசப்படாது. ஒண்ணரை மீட்டர்னா ஏறக்கொறைய என் கண்ணுதான்.

நெசமாவே வெளிச்சம் பத்தலியா? மொதல்ல ஹெட்லைட் கண்ணாடியைப் பாரு. மேல் பிளாஸ்டிக் மஞ்சக் காமாலை வந்து கெடக்கு. பாலிஷ் போடச் சொன்னா செலவுங்கிற. அப்புறம் பேட்டரியிலேருந்து வார வயரு, எர்த்து. வோல்ட் 5 சதம் கொறஞ்சாலே வெளிச்சம் 15 சதம் போயிரும். ரிலே போட்டு நல்ல வயரா இழுத்துட்டா பழைய பல்பே பளிச்சுன்னு எரியும். அப்பவும் ஆசை அடங்கலேன்னா, அதே 60/55 வாட்டுல இழையை நெருக்கிச் சுத்தி, தூரமா எறியுற பல்பு இருக்கு. சீக்கிரம் பீஸ் போகும், அம்புட்டுதான். வட்டத்துக்குள்ள ஈங்கிற இங்கிலீசு எழுத்து போட்டிருக்கான்னு பாத்து ஜோடியா வாங்கு. பல்புக் கண்ணாடியைக் கையால தொடாத. வெரல் பிசுக்கு பட்ட எடத்துல சூடேறி வெடிச்சிரும்.

மாட்டிட்டு நம்ம கோயில் மதிலுக்கு 10 மீட்டர் தள்ளி, சமதரையில வண்டியை நிப்பாட்டு. ஹெட்லைட் ஒயரத்துக்குச் சுவத்துல கரியால ஒரு கோடு போடு. டிம் வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஒரு 10 சென்டிமீட்டர் கீழ நிக்கணும். எடப்பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தாக் குத்தமில்ல, அது ரோட்டோரம் பாக்க. வலப்பக்கம் ஏறப்படாது. பின்சீட்டுல உன் மாமியார் வீட்டு ஆளுக நாலு பேர் ஏறுனா வண்டி மூக்கைத் தூக்கும்ல, ஸ்டேரிங் பக்கத்துல நம்பர் போட்ட திருகு ஒண்ணு இருக்கே, அது அதுக்குத்தான். நீ அதை ரேடியோ சத்தம்னு நெனச்சிருப்ப.

வந்துருச்சா? காட்டு. ஆத்தீ, ரெண்டு அங்குலம் இருக்கும்போல. இது எங்க குத்துச்சுன்னு நீ கேக்கவே இல்லியே? முந்தாநாள் ராத்திரி, எட்டயபுரம் ரோட்டுல. டிவிஎஸ்ல வந்துக்கிட்டிருக்கேன். எதுத்தாப்புல ரெண்டு நிலா. 40 கிலோமீட்டர் வேகத்துல போனாலும் கண்ணு தெரியாத ஒவ்வொரு செகண்டுக்கும் வண்டி 11 மீட்டர் போயிருது. எனக்கு வயசு எழுவத்தி நாலு, கண்ணு திரும்பி வார வரைக்கும் செகண்டு எங்க காத்திருக்கு? ரோடு எடப்பக்கம் வளைஞ்சுச்சு, நான் வளையல. முள்ளுக்குள்ள கெடந்து தலையைத் தூக்கிப் பாத்தா, போற காரோட பின் கண்ணாடியில நம்ம குலதெய்வம் ஸ்டிக்கரு.

அழுவாத, அழுவாத. இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யி. சாவியை இங்கன கொடு, காரை நான் எடுத்துக்கிடுதேன். நீ டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டு எட்டயபுரத்துலேருந்து வா. அந்த வளைவுக்கிட்ட எதிர்ல வாரேன். போகயில ஊசியையும் சட்டைப்பையில போட்டுக்கோ.