பச்சைத் தண்ணீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், ஈசிஆர் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கினேன். கொல்லையில் நீச்சல் குளம். "ரெண்டு வருஷமா ஆள் இல்ல, லேசா பாசி பிடிச்சிருக்கு" என்றார் விற்றவர். போய்ப் பார்த்தால், எருமையே இறங்குவதற்கு யோசிக்கும். மொத்தத்தையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் விஷயம் முடிந்துவிடாதா?
– புது வீட்டுக்காரர், பனையூர்

பதில்: முடிந்துவிடும். குளமும் சேர்ந்து முடிந்துவிடலாம். இது எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் இறைக்கும் மோட்டாரைத் தொடவே வேண்டாம். உங்கள் பக்கம் கடற்கரை மணல். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். குளம் நிறைந்திருக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை தொட்டியைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறது. அதை இறைத்துவிட்டால் வெளியே நிற்கும் நிலத்தடி நீர் தொட்டியைக் கீழிருந்து தூக்கும். தரை விரியும், டைல்ஸ் பெயரும், ஃபைபர் தொட்டியென்றால் மண்ணை விட்டே கிளம்பிவிடும். ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடினார் என்று பள்ளியில் படித்தோம். உங்கள் வீட்டில் தொட்டியே எழுந்து ஓடும்.

கணக்கும் பாருங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்றால் சுமார் 45,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி நாலு வர வேண்டும். வருகிற தண்ணீரும் உப்பு, இரும்பு என்று சீர்வரிசையோடுதான் வரும். பச்சைத் தண்ணீரைப் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தெளியவைத்துவிடலாம். அடியில் முழங்கால் சகதி என்றால் மட்டும் இறைப்பதைப் பற்றி யோசியுங்கள். அதுவும் கோடையில், கிணற்று நீர்மட்டம் குளத்தின் அடித்தரையைவிடக் கீழே இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு.

கேள்வி: அண்ணே, இரண்டு கிலோ ப்ளீச்சிங் பவுடர் கொட்டினேன். மறுநாள் தண்ணீர் வெளிறியது. நாலாம் நாள் பழையபடி பச்சை. பவுடரில் கலப்படமா?
– கோவளத்துத் தம்பி

பதில்: தம்பி, உச்சி வெயிலில், மிதக்கும் இலையைக்கூட அள்ளாமல் கொட்டியிருப்பீர்கள். கல்யாணப் பந்திக்கு ஆக்கி வைத்ததை வாசலில் நின்ற ஆடுகளே தின்றுவிட்ட கதைதான். குளோரினுக்கு இலை, சகதி, பாசி என்ற பேதம் கிடையாது. முதலில் கைக்குக் கிடைத்ததோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். எஞ்சியதை வெயில் பார்த்துக்கொள்ளும். பாதுகாப்பு எதுவும் சேர்க்காத குளோரின் நேர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும்.

ஆகவே முதல் வேலை வலை. மேலே மிதப்பதை மட்டுமல்ல, அடியில் ஊறிக் கிடக்கும் புங்க இலையையும் வாதாம் இலையையும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் துழாவி எடுங்கள். அடுத்தது பிஎச். அது 7.5 இருந்தால் போட்ட குளோரினில் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8 ஆனால் கால்வாசி. ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 7.2-க்கு இறக்குங்கள். பிறகு, சூரியன் சாய்ந்ததும் குளோரின். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வேண்டுமென்றால் 45,000 லிட்டருக்கு 450 கிராம் குளோரின் ஆகிறது. 10 சதவீத ஹைப்போ (திரவக் குளோரின்) என்றால் நாலரை லிட்டர். புதிய ப்ளீச்சிங் பவுடரில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். எனவே ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கடை மூலையில் மூட்டை பிரிந்து கிடந்த பவுடருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது பெயரளவில்தான் பவுடர். வாளியில் முதலில் தண்ணீர், அதில் பவுடர். சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள்.

ஊற்றிவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். பிரஷ் எடுத்துச் சுவரைத் தேயுங்கள். ஏணிக்குப் பின்னால், விளக்குக் குழிக்குள், படிக்கட்டின் முட்டுக்குக் கீழே: பாசி குடும்பம் நடத்துவது இங்கெல்லாம்தான். காலையில் அளந்தால் குளோரின் பூஜ்யம் என்று வரும். மாலையில் மறுபடி அதே அளவு. இரவில் ஊற்றியது காலையில் அப்படியே இருக்கும்வரை இதைத் தொடர வேண்டும். ஒருதடவை கொட்டிவிட்டு நாலு நாள் வேடிக்கை பார்த்தீர்கள் பாருங்கள், அந்த நாலு நாளில்தான் பாசி மறுபடி குடியேறியது.

கேள்வி: பச்சை போய் இப்போது பால் மாதிரி இருக்கிறது. மோட்டார் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் ஓடுகிறது. இன்னும் என்ன வேண்டும்?
– மின்கட்டணத்துக்கு அஞ்சுபவர், கோவை

பதில்: மோட்டார் ஓட வேண்டும். நீங்கள் பார்ப்பது செத்த பாசி. குளோரினுக்குக் கொல்லத்தான் தெரியும், பிணம் தூக்கத் தெரியாது. அது ஃபில்டரின் வேலை. தெளியும்வரை இராப்பகலாக ஓடட்டும். மணல் ஃபில்டரின் தலையில் ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். பல வீடுகளில் அதன் கண்ணாடி மங்கி, முள் பல வருடமாக ஒரே இடத்தில் தியானத்தில் இருக்கும். சில நூறு ரூபாய்க்குப் புதிதாக மாற்றுங்கள். ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அதிலிருந்து 8 அல்லது 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது. பக்கத்திலுள்ள கண்ணாடிக் குமிழில் முதலில் கஷாயம் ஓடும், பிறகு மோர், பிறகு தண்ணீர். தண்ணீர் வந்தபின் ரின்ஸ், அதன்பின் ஃபில்டர். வால்வின் கைப்பிடியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திருப்புங்கள். ஓடும்போது திருப்பினால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கிழியும். பிறகு எந்தப் பக்கம் திருப்பினாலும் தண்ணீர் எல்லாப் பக்கமும் போகும்.

கேள்வி: எங்கள் பாட்டி பானையில் தேத்தாங்கொட்டை இழைத்துத் தண்ணீரைத் தெளியவைப்பார். குளத்துக்கும் அதைச் செய்யலாமா?
– பாரம்பரியப் பிரியை, காரைக்குடி

பதில்: பாட்டி சொன்னது சரி. அந்தக் கொட்டை கலங்கலைத் திரட்டி அடியில் இறக்கும். ஆனால் 45,000 லிட்டருக்கு இழைக்க ஒரு பாட்டி போதாது. அதே வேலையைப் படிகாரம் செய்யும். இந்த அளவுக்கு இரண்டு கிலோ வாக்கில் கரைத்து ஊற்றி, இரண்டு மணி நேரம் சுற்றவிட்டு, மோட்டாரை நிறுத்தி இரவு முழுக்க யாரும் தொடாமல் விடுங்கள். காலையில் அடியில் பஞ்சு விரித்தாற்போல் கிடக்கும். வாக்குவம் குழாயால் மெதுவாக உறிஞ்சி நேரே வெளியே விட வேண்டும், ஃபில்டர் வழியாக அல்ல. படிகாரம் பிஎச்சை இறக்கும் என்பதால் மறுபடி அளந்து பாருங்கள். இன்னொன்று: கொட்டையோ படிகாரமோ தண்ணீரைத் தெளியவைக்கும், குளோரின் செய்யும் வேலையைச் செய்யாது.

கேள்வி: போர் தண்ணீர் நிரப்பிக் குளோரின் போட்டதும் டிகாக்‌ஷன் நிறமாகிவிட்டது. பில்லி சூனியமா?
– திருப்போரூர் வாசகர்

பதில்: இரும்பு. குளோரின் பட்டதும் துருவாகிறது. ஃபில்டரை ஓட்டி, அடிக்கடி பேக்வாஷ் செய்யுங்கள். மந்திரவாதிக்குக் கொடுக்கவிருந்த பணத்தை மோட்டார் கரண்டுக்குக் கட்டுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? நாலு ஜிலேபி மீன் விட்டுவிட்டால் கொசுவும் வராது, குழம்பும் ஆகும்.
– சோம்பேறி, உத்தண்டி

பதில்: நல்ல யோசனை. பிறகு அதன் பெயர் மீன் குட்டை. வீட்டு விளம்பரத்தில் மட்டும் 'நீச்சல் குளம்' என்று போடாதீர்கள். கொசு விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு என்று ஒரு ஊர். 2007-இல் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் திண்டாடியவர்களின் வீடுகளில் குளங்கள் பச்சையாகிக் கொசுப் பண்ணைகளாயின. அந்தக் கோடையில் அங்கே வெஸ்ட் நைல் காய்ச்சல் கூடியதற்கு இதையும் ஒரு காரணமாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடன் கட்டாதவருக்கு வங்கி வரும் என்று தெரியும். வைரஸும் வரும் என்று யார் நினைத்தார்கள்?

கேள்வி: காலிக் குளத்தால் வேறு பயன் ஏதாவது?
– டல்லாஸ் தமிழர்

பதில்: அதே கலிஃபோர்னியாவில் 1970-களின் நடுவில் வறட்சி. காய்ந்து கிடந்த குளங்களின் வளைந்த சுவரில் பையன்கள் ஸ்கேட்போர்டு ஏறினார்கள். ஒரு விளையாட்டே மாறிப்போனது. சுவரேறிக் குதிக்கும் பையன்கள் உங்கள் தெருவிலும் இருந்தால் முயலலாம்.

கேள்வி: வாட்ச்மேன் இரண்டு வருடமாக டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரை போட்டுவந்தார். குளோரின் அளவு சரியாகக் காட்டுகிறது, பாசியும் வளர்கிறது. கூடவே ப்ளீச்சிங் பவுடரையும் மாத்திரையையும் ஒரே வாளியில் கரைத்து ஊற்றட்டுமா?
– அவசரக்காரர், ஓசூர்

பதில்: வாளியைக் கீழே வையுங்கள். இதில் கிண்டல் இல்லை: அந்த இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை அள்ளிய கரண்டியை மற்றதன் டப்பாவில் விடக்கூடாது. ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு. ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, தனி அலமாரி, தனி நேரம்.

பாசிக்குக் காரணம் மாத்திரையில் இருக்கும் சயனூரிக் அமிலம். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது அதுதான். லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம்வரை நல்லது. ஆனால் குளோரின் தீர்ந்தாலும் இது தீராது. ஒவ்வொரு மாத்திரைக்கும் சேர்ந்துகொண்டே போய், 100-ஐத் தாண்டினால் காவலுக்கு வைத்த ஆள் குளோரினையே கட்டிப்போட்டுவிடுகிறான். வழி ஒன்றுதான்: ஒரு பகுதித் தண்ணீரை மாற்றுவது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். காரணம் பனையூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி: மயில்துத்தம் போட்டால் பாசி உடனே சாகுமாமே?
– விவசாயி மகன், ஈரோடு

பதில்: சாகும். சுவரில் கறை படியும், அப்பாவின் நரைத்த தலையும் பச்சையடிக்கலாம். வயலில் இருக்கட்டும்.

கேள்வி: எப்போது இறங்கலாம்? தண்ணீர் நீலமாகத்தான் இருக்கிறது.
– பேரன்களின் தாத்தா, நீலாங்கரை

பதில்: ஐயா, நீலம் டைல்ஸுடையது. ஆழமான முனையில் அடியில் இருக்கும் வடிகால் மூடியின் துளைகள் கரையில் நின்றால் தெளிவாகத் தெரிகிறதா? மூடி உடையாமல் இறுக்கமாக இருக்கிறதா? உடைந்த மூடி குழந்தையின் முடியை இழுத்துப் பிடித்துவிடும். குளோரின் லிட்டருக்கு 2 முதல் 4 மில்லிகிராம், பிஎச் 7.2 முதல் 7.8, ராத்திரி ஊற்றியதில் காலையில் ஒரு மில்லிகிராமுக்கு மேல் குறையவில்லை. தண்ணீருக்குள் இருக்கும் பழைய விளக்கு வயரை எலக்ட்ரீஷியன் பார்த்தாயிற்று. எல்லாம் சரியென்றால் இறங்கலாம். "லேசாப் பச்சைதானே" என்று முந்த வேண்டாம். மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளரும். 2024-இல் கேரளத்தில் குளம், ஆறு என்று குளித்த சிறுவர் சிறுமியர் சிலர் அதனால் இறந்தார்கள். குளோரின் குறையாத குளத்தில் அது பிழைக்காது.

கேள்வி: குளம் சரியானதும் சொந்தபந்தம் மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறது. மாலைக்குள் குளோரின் நெடி தாங்கவில்லை, கண் எரிகிறது. குளோரினைக் குறைக்கவா? தண்ணீரில் சிறுநீர் கழிப்பவரைச் சுற்றி நிறம் மாறுமாமே, அந்த மருந்து எங்கே கிடைக்கும்?
– விருந்தோம்பி நொந்தவர், அக்கரை

பதில்: குறைக்காதீர்கள், கூட்டுங்கள். அந்த நெடி குளோரினுடையது அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து பிறந்த குளோரமின். வருகிறவர்களை முதலில் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். நிறம் மாற்றும் மருந்து என்று ஒன்று கிடையாது. ஆனால் நேற்றே வாங்கிப் போட்டுவிட்டதாக அடுத்த ஞாயிறு எல்லோரும் தண்ணீரில் இருக்கும்போது சத்தமாகச் சொல்லுங்கள். முதலில் கரையேறுபவர் சித்தப்பாவா மச்சானா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.