கறுத்த காசு, வெளுத்த சாயம்

பழைய வெள்ளி ரூபாய் சேர்க்கிற எனக்கு இரண்டு கண்களும் இரண்டு விதம். ஒன்று என் காசைப் பார்க்க, இன்னொன்று அடுத்தவர் காசைப் பார்க்க. என்னிடம் இருப்பது கறுத்திருந்தால் டோனிங். அடுத்தவரிடம் கறுத்திருந்தால் டேமேஜ்.

தியரி எனக்குத் தலைகீழ்ப் பாடம். காற்றில் இருக்கும் கந்தக வாயு பட்டு வெள்ளியின் மேல் சில்வர் சல்ஃபைடு படலம் உண்டாகிறது. அது தடிக்கத் தடிக்க முதலில் இளமஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. அதுதான் டோனிங். ஈரமான உப்பு மண்ணில் புதைந்து கிடந்த காசின் கதை வேறு. அங்கே வெள்ளியே அரிபட்டு, மேல்பரப்பு சொரசொரத்துக் குழி விழுந்துவிடும். முன்னது சட்டையில் படிந்த கறை. பின்னது சட்டையைக் கரையான் அரித்தது. இவ்வளவு விளக்கமாகப் பேசுகிறவன் காசை நேரில் கண்டதும் பர்ஸைத் திறந்துவிடுவான்.

ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிந்ததால் சர்ச்சையாகி, 1912-இல் யானையைத் திருத்தி அச்சடித்தார்கள். அதனாலேயே ‘பன்றி ரூபாய்’க்குக் கிராக்கி. “நல்ல டார்க் டோனிங் சார்” என்று ஒருவர் நீட்ட, பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் அங்கி முழுக்கக் குழி. பன்றியும் இல்லை, யானையும் இல்லை.

அடுத்து உஷாரானேன். நிஜமாகவே அழகாக நிறம் ஏறியிருந்த விக்டோரியா ரூபாய் ஒன்று கிடைத்தது. நாம்தான் வெள்ளிச் சாமானை விபூதி போட்டுத் துலக்கும் பரம்பரையாயிற்றே. தேய்த்தேன். ராணி பளபளத்தார். லென்ஸில் பார்த்தால் முகமெல்லாம் மயிரிழைக் கீறல். நூறு வருஷத்துக்கு மேல் காற்று பொறுமையாகப் போட்ட நிறத்தை ஒரு சிட்டிகை விபூதி ஒரு நிமிஷத்தில் முக்தி அடைய வைத்துவிட்டது.

பாவத்துக்குப் பரிகாரமாக வானவில் நிறத்தில் மினுங்கிய ஒரு ரூபாயை அதிக விலைக்கு வாங்கினேன். அவித்த முட்டையோடு டப்பாவில் மூடி வைத்தாலும் வெள்ளி இப்படி நிறம் மாறும் என்று ஒரு நண்பர் பிறகு சொன்னார். சுத்த சைவமான நான் முட்டைக்குக் கொடுத்த விலையை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

மிஞ்சியதையாவது காப்பாற்றலாம் என்று மெத்தென்ற பிளாஸ்டிக் கவர்களில் போட்டுப் பூட்டினேன். அது பி.வி.சி. நாளாவட்டத்தில் அதிலிருந்து கசிந்தது காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுத்தது. சுத்தமான அசிட்டோனில் நனைத்தால் போகும் என்றார்கள். வீட்டில் நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்க, அசிட்டோனுக்கு எதற்குத் தண்டச் செலவு? அதில் கலந்திருந்த வாசனையும் எண்ணெயும் காசில் அப்படியே தங்கிவிட்டன. பச்சையும் முழுசாகப் போகவில்லை.

உங்களுக்காவது உதவட்டும், சொல்கிறேன். ஒற்றை பல்பின் கீழே காசை மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். கறுப்புக்கு அடியிலிருந்து ஒளிக்கீற்று ஒன்று சக்கரமாகச் சுற்றி வந்தால் லஸ்டர் என்கிற அசல் பளபளப்பு பிழைத்திருக்கிறது, அது டோனிங். வெளிச்சம் விழுந்த இடத்திலேயே செத்து, சொரசொரப்பும் தெரிந்தால் டேமேஜ். தேய்ந்த காசில் லஸ்டர் ஏற்கெனவே போயிருக்கும். அதில் குழியைத்தான் தேட வேண்டும். நானும் இப்போதெல்லாம் இப்படித்தான் பார்க்கிறேன், வாங்கிய பிறகு.

உங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கறுத்த ரூபாய் ஏதாவது கிடந்தால் விபூதியைத் தள்ளி வைத்துவிட்டு, அப்படியே என்னிடம் கொண்டு வாருங்கள். இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன். விற்கிற உத்தேசம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்தக் கண்ணால் பார்ப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும்.