மூட்டு வலியா? முதலில் சீட்டைப் பாருங்கள்!

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி: நாங்கள் சிலர் தினமும் விடியற்காலையில் முக்கொம்பு வரை சைக்கிளில் போய் வருகிறோம். மிதிக்கிற நேரத்தைவிட டீக்கடையில் உட்காருகிற நேரம்தான் அதிகம் என்கிறார் என் மனைவி. இது உடற்பயிற்சியா, அரட்டையா?

இரண்டும்தான், இரண்டும் வேண்டும். முக்கொம்பு போய்த் திரும்பினால் சுமார் 35 கிலோமீட்டர். முப்பது வயதுக்காரனையே மூச்சு வாங்க வைக்கும் தூரம் அது. அரட்டையைக் குறைவாக எடை போடாதீர்கள். சர்க்கரை அளவில் தொடங்கும் பேச்சு, பென்ஷன் பாக்கி, மகனின் இடமாற்றம் என்று சுற்றிவிட்டு, “இன்னிக்கு அவரைக் காணோமே” என்பதில் வந்து நிற்கும். உடனே ஒருவர் போன் போடுவார். ஓய்வுபெற்றவருக்கு இதைவிட அக்கறையான வருகைப் பதிவேடு வேறெங்கும் கிடையாது. இரண்டாவது டீயில் மட்டும் சர்க்கரை வேண்டாம். வடையைப் பற்றி உங்கள் மனைவி கேட்கவில்லை, நானும் கிளறவில்லை.

தலைமையாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்: சைக்கிளை எடுத்த பிறகுதான் முட்டி வலியே வந்தது. விட்டுவிடலாமா?

சைக்கிளை விட வேண்டாம், சீட்டை ஏற்றுங்கள். நம் தலைமுறைக்கு ஒரு பழக்கம்: சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகி, விழுந்து எழுந்த பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அவ்வளவு தாழ்ந்த சீட்டில் முட்டி ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்குகிறது. மடங்கிய முட்டியால் அழுத்தும்போது பாரமெல்லாம் முட்டிச் சில்லின் மேல்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு இருக்கும். அதுதான் வேண்டும். வலி முட்டியின் முன்பக்கம் என்றால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் என்றால் உயரம் அதிகம். ஒரேயடியாக ஏற்றாதீர்கள். அரை சென்டிமீட்டர் ஏற்றி சில நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த அரை. நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றிக்கொள்ளலாம். கியர் இருந்தால் கனமான கியரில் நெம்பாமல், இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் பிடித்துக்கொண்டாலோ மட்டும் ஸ்பானரை வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வாசகர், சேலம்: 68 வயதில் மறுபடி தொடங்கினால் ஊர் சிரிக்காதா?

ராபர்ட் மார்ஷாந்த் என்ற பிரெஞ்சுக்காரர், இளமையில் விட்ட சைக்கிளை ஏறக்குறைய உங்கள் வயதில்தான் திரும்ப எடுத்தார். 2012-ல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். அடுத்த 2 ஆண்டுகளில் வயது கூடியது, தூரமும் கூடியது: 26.92 கிலோமீட்டர்! இடைப்பட்ட காலத்தில் அவரைப் பரிசோதித்த உடலியல் ஆய்வாளர்கள், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனே அவருக்கு உயர்ந்திருந்ததைப் பதிவு செய்தார்கள். பயிற்சியில் பெரும்பகுதி நிதானமான ஓட்டம், கொஞ்சம் மட்டும் கடுமையானது. 2017-ல், 105 வயதில் 22.5 கிலோமீட்டர் ஓட்டி முடித்துவிட்டு, கடைசி 10 நிமிடம் என்ற அறிவிப்புப் பலகையைக் கவனிக்கவில்லை, கவனித்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன் என்று குறைபட்டுக்கொண்டார். 109 வயது வரை வாழ்ந்தார். ஊர் சிரித்தால் மணியடித்துவிட்டுப் போங்கள்.

இல்லத்தரசி, புதுக்கோட்டை: காலையில் கூட்டமாகச் சைக்கிளில் போவதெல்லாம் ஆண்களுக்குத்தானா?

புதுக்கோட்டையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா, அம்மா! 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்த மாவட்டம் உங்களுடையது. கேலியும் கிண்டலும் கேட்டபடியே ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டிப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையும் வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்த பெண்கள், தாங்களே சந்தைக்குப் போய் வந்தார்கள். அன்றைக்கு இருபதுகளில் இருந்தவர்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கும். உங்கள் தெருவிலேயே நிச்சயம் இருப்பார்கள். கூப்பிடுங்கள். ஒருமுறை பழகிய சைக்கிள் மறக்காது.

வாசகர், விழுப்புரம்: பேரன் கியர் சைக்கிள் வாங்கச் சொல்கிறான். என் பழைய ஹெர்குலிஸை என்ன செய்ய?

சேஸில் விரிசல் இல்லையென்றால் ஓவராயிலிங் செய்து ஓட்டுங்கள். டயர், செயின், பிரேக் கட்டை மூன்றும் புதிதாக இருக்கட்டும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் சட்டென்று பிடிக்காது, முன்கூட்டியே அழுத்துங்கள். மேடு ஏற வேண்டிய ஊர் என்றால் பேரன் சொல்வதே சரி.

வாசகர், மதுரை: பிராஸ்டேட்டுக்காக பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. முந்தின நாள் ஓட்டலாமா?

வேண்டாம். 2 நாள் நிறுத்துங்கள். ஓட்டினால் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும், வீண் கலக்கம்.

வாசகர், கோவை: எங்கள் குழுவில் மூத்தவருக்குப் பார்வை மங்கிவிட்டது. இனி ஓட்ட வேண்டாம் என்று யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

அவரோடு அதிக நாள் ஓட்டியவர், தனியாக, அவர் வீட்டில். எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். முதலில் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கண்புரையாக இருந்தால் அறுவை சிகிச்சைக்குப் பின் டாக்டர் அனுமதித்தால் திரும்பி வரலாம். வர முடியாது என்றாலும் அவருக்கு நிற்க வேண்டியது சைக்கிள் மட்டுமே, சகவாசம் அல்ல. ஒருவர் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். பெடலையும் நண்பர்களையும் ஒரே நாளில் பறித்தால் மனிதர் ஒடிந்துபோவார்.

வாசகி, சென்னை: அப்பா இருட்டோடு கிளம்புகிறார். விளக்கு வைக்கச் சொன்னால் கேட்பதில்லை.

ஒரு காலத்தில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். இப்போது யாரும் நிறுத்துவதில்லை. வண்டிகளின் வேகம் மட்டும் பல மடங்கு ஏறிவிட்டது. பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கை நீங்களே வாங்கிப் பொருத்திவிடுங்கள், அனுமதி கேட்க வேண்டாம். அப்படியே கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சாலையோரம் நிறுத்திக் கதவைத் திறக்கும் முன் ஒருமுறை பின்னால் பாருங்கள். அங்கே வருவது யாரோ ஒருவரின் அப்பா.