கட்டில் கிறீச்சிட்ட காதை

காமசூத்திரம் என்றதும் ஆளாளுக்கு ஒரு நமட்டுச் சிரிப்பு. அதன் ஏழு பாகங்களில் கூடல் நிலைகள் வருவது இரண்டாவதில் மட்டும்தான் என்றால் நம்பமாட்டார்கள். முதல் பாகத்திலேயே வாத்ஸ்யாயனர் வீட்டைப் பற்றிப் பேசிவிடுகிறார்: இரண்டு படுக்கையறை, ஒட்டினாற்போல் தோட்டம், மெத்தென்ற படுக்கை. கொடுத்து வைத்தவர்!

நம் வீட்டில் ஒற்றைப் படுக்கையறை. சீதனமாக வந்த கட்டில் புரண்டு படுத்தாலே கிறீச்சிடும். உடனே ஹாலிலிருந்து மாமியாரின் இருமல். இதில் எந்த நிலை சுகம் என்று கேட்டால், சத்தம் வராத நிலைதான்.

நாற்பதைத் தாண்டினால் இடுப்பும் பேச ஆரம்பிக்கும். 2014-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் பத்து தம்பதியரின் முதுகெலும்பு அசைவைக் கருவி வைத்தே அளந்தார்கள். ஒருக்களித்துப் படுப்பதே எல்லா முதுகுவலிக்கும் உகந்தது என்ற பழைய அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாதாம். குனிந்தால் வலிப்பவருக்கு ஒன்று, நிமிர்ந்தால் வலிப்பவருக்கு வேறொன்று.

அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதற்கு? "வலிக்குதா?" என்று ஒரு வார்த்தை, இடுப்புக்கோ முழங்காலுக்கோ அண்டை கொடுக்க ஒரு தலையணை போதும். ஆனால் இருபது வருடம் குடித்தனம் நடத்தியும் அந்த ஒரு வார்த்தை கேட்க நமக்கு வெட்கம்.

போகட்டும். முதலில் கட்டில் போல்ட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடுங்கள்.