எச்சில் துப்பிப் பார்த்தவருக்கு வேலிக்கு மேலால ஒரு புத்திமதி

என்ன காணும், மூண்டு நாளாய் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியிறீர்? காலமை 'மோர்கன்' எண்டு சொன்னாலும் வாய் திறக்கிறீரில்லை. உம்மட மனுசிதான் வேலியடியில வைச்சு என்ர மனுசிக்குச் சொன்னவவாம். பிறந்தநாளுக்குப் பிள்ளையள் வம்சாவளி பார்க்கிற பெட்டி ஒண்டு வாங்கித் தந்தவையாம், குழாய்க்குள்ள எச்சிலைத் துப்பி அனுப்பினனீராம், இப்ப மறுமொழி வந்திருக்காம். பாதிக்கு மேல போலந்துப் பக்கம், மிச்சத்தில கொஞ்சம் பிரான்ஸ், ஒரு சொட்டு இத்தாலி. நீர் சோதனை பெயில் விட்ட பெடியன் மாதிரிக் குசினிக்குள்ள குந்திக்கொண்டு இருக்கிறீராம்.

என்ர ஜெர்மன் பாஷை சாப்பாட்டுக் கடையில சட்டி கழுவேக்க படிச்சது. புத்திமதி சொல்லக் காணாது. அதால தமிழிலயே சொல்லுறன், நீர் வழமைபோல தலையை ஆட்டும்.

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. உம்மட பேரின்ர வால் 'ஸ்கி' எண்டுதானே முடியுது? வாசல் மணிக்குப் பக்கத்தில பித்தளையில வெட்டி வைச்சு, சனிக்கிழமை சனிக்கிழமை துடைக்கிறதும் நீர்தான். அதை எழுத்துக் கூட்டி வாசிச்சிருந்தால் எச்சிலும் மிச்சம், காசும் மிச்சம். உம்மட பூட்டன் நிலக்கரி வெட்ட ரூர் பக்கம் வந்தவர். அந்தக் காலத்தில போலந்து, மசூரியா எண்டு கிழக்கையிருந்து லட்சக்கணக்கில சனம் வந்து சுரங்கத்துக்குள்ள இறங்கினது. நீர் கழுத்தில சுத்தியிருக்கிற அந்த நீலமும் வெள்ளையுமான சால்வையைத்தான் பாருமன். 1934 தொடக்கம் 1942 வரையில ஷால்க உதைபந்தாட்ட அணி ஆறு தரம் நாட்டுக்கே சாம்பியன். இன சுத்தம், இன சுத்தம் எண்டு நாடு முழுக்கக் கத்தின காலம் அது. அந்த அணியின்ர தூண் ஆர்? குட்சோராவும் ஷெபானும். ரெண்டு பேற்றை தாய் தகப்பனும் மசூரியாவில இருந்து வந்த சனம். பந்துக்கு வம்சாவளி தெரியாது காணும், கோல் கம்பம் மட்டுந்தான் தெரியும்.

'நாங்கள் ஆதியில இருந்தே இஞ்ச இருக்கிற ஆக்கள், கலப்பில்லாத ஆக்கள்' எண்டு போன கோடையில நீர் பியர் குடிச்சபடி எனக்குச் சொன்னனீர். அதை உமக்கு ஆர் சொல்லித் தந்தது தெரியுமோ? தாசிதஸ் எண்டொரு ரோமாபுரிக்காரர். கி.பி. 98இல உங்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினவர். மனுசன் ரைன் ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்ததுக்கு ஒரு சாட்சியும் இல்லை. ஜெர்மானியர் கலப்பில்லாத சனம் எண்டதுக்கு அவர் சொன்ன காரணத்தைக் கேட்டால் நீர் சிரிக்க மாட்டீர், நான் சிரிப்பன். ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் இத்தாலியையும் விட்டிட்டு, இந்தக் குளிருக்குள்ள, இந்த வடிவில்லாத நிலத்துக்கு எந்த மடையன் வருவான், அதால ஒருத்தரும் வந்திருக்க மாட்டினம் எண்டதுதான் அவற்றை கணக்கு. அதை உங்கட ஆக்கள் பாராட்டுப் பத்திரம் எண்டு நினைச்சுக் கண்ணாடி போட்டுச் சுவரில மாட்டிச்சினம். 1943இல அந்தப் புத்தகத்தின்ர பழைய ஏட்டுப் பிரதியைப் பிடிக்கிறதுக்கு நாசிக்காரன் ஹிம்லரின்ர படையாள்கள் இத்தாலியில ஒரு பிரபுவின்ர மாளிகைக்குள்ள புகுந்து தேடினவை. அது கிடைக்கேல்லை. அந்த ஏடு இப்ப ரோமாபுரி நூலகத்தில சௌக்கியமாய் இருக்கு.

எந்த மடையனும் வரமாட்டான் எண்டாரே, வந்த மடையரைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்பம். அதில கடைசி மடையன் நான்தான். 1985இல கிழக்கு பெர்லினில இறங்கி, ரயில் ஏறி, மேற்கு பெர்லினுக்குள்ள வந்தனான்.

இஞ்சயிருந்து காரில ஒரு மணித்தியாலம் போனால் நியாண்டர் பள்ளத்தாக்கு. 1856இல அங்கத்தைச் சுண்ணாம்புக் கல்லு வெட்டின கூலியாள்கள் சில எலும்பைப் பொறுக்கிச்சினம். அந்தப் பழைய மனுசன்ர மிச்சம் ஆப்பிரிக்காவுக்கு வெளியில இருக்கிற எல்லாற்றை உடம்பிலயும் நூற்றுக்கு ரெண்டு மட்டில இருக்கு. உம்மிலயும் இருக்கு, என்னிலயும் இருக்கு. ஆக, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாங்கள் சொந்தக்காரர், கலியாண வீட்டுக்கு மறக்காமல் சொல்லும். அந்தப் பள்ளத்தாக்குக்குப் பேர் வந்தது நியாண்டர் எண்ட ஒரு பாதிரியாரால. அவற்றை குடும்பப் பேர் முந்தி நொய்மான். பாட்டனார் படிச்ச திமிரில அதைக் கிரேக்கத்துக்கு மாத்தி நியாண்டர் ஆக்கினவர். நொய்மான் எண்டால் என்ன, நீரே சொல்லும். புது ஆள். உங்கட மண்ணின்ர பழைய ஆளுக்குப் பேர் புது ஆள்!

பேந்து வந்தவை வேட்டைக்காரர். பொன் நகரத்துக்குப் பக்கத்தில ஓபர்காசல் எண்ட இடத்தில 1914இல ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய், மூண்டையும் தோண்டி எடுத்தவை. பதினாலாயிரம் வருசப் பழசு. மேற்கு ஐரோப்பாவில அப்ப திரிஞ்ச வேட்டைக்காரருக்குத் தோல் கறுப்பு, கண் நீலம் எண்டு மரபணு பார்க்கிறவை சொல்லினம். என்ர தோலும் உம்மட கண்ணும் எண்டு வையுமன்.

அதுக்குப் பிறகுதான் விசயமே. இண்டைக்கு 7,500 வருசத்துக்கு முன்னம், அனத்தோலியாவில இருந்து, அதுதான் இப்ப துருக்கி எண்டு சொல்லுற நிலத்தில இருந்து, தலைமுறை தலைமுறையாய் நகர்ந்து, டான்யூப் ஆற்றங்கரை வழியாய் ஒரு சனம் வந்தது. கையில கோதுமை, பருப்பு, பின்னால மாடு, பன்றி. இந்த மண்ணில முதல் கமம் அவையின்ரதான். அப்ப அங்க துருக்கியர் எண்டொரு பேர் கிடையாது, ஆனால் நிலம் அதே நிலம். பேந்து 1961இல உங்கட அரசாங்கம் கையெழுத்துப் போட்டு அதே நிலத்தில இருந்து ஆள் கூப்பிட்டது. முதல் தரம் வந்தவை சோறு போட்டவை, ரெண்டாம் தரம் வந்தவை கார் செய்து தந்தவை. நீர் மூலைக்கடையில வெங்காயம் கூடப் போடச் சொல்லி டோனர் தின்னேக்க இதைக் கொஞ்சம் நினைச்சுக்கொள்ளும்.

மூண்டாவதாய் வந்தவைதான் உண்மையான கிழக்காக்கள். கருங்கடலுக்கு வடக்கால இருக்கிற புல்வெளியில இருந்து, ஏறக்குறைய 4,900 வருசத்துக்கு முன்னம், மாட்டோட வந்த மேய்ச்சல் சனம். உங்கட பேராசிரியர் கோசின்னா எண்டவர், கயிறு அழுத்தின பானை செய்த அந்த ஆக்களெல்லாம் ஜெர்மன் பக்கத்தில தோன்றி வெளியில பரவின வீரர் எண்டு நூறு வருசத்துக்கு முந்தி புத்தகம் புத்தகமாய் எழுதினவர். 2015இல ஜெர்மனியில கிடைச்ச அந்தப் பானைக்காரரின்ர எலும்பைச் சோதிச்சுப் பார்த்தால், நாலில மூண்டு பங்கு புல்வெளிக்காரர். அம்பு கிழக்கையிருந்து மேற்கை பார்த்து வந்தது, மனுசன் வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடிச்சிருக்கிறார். அந்தப் புல்வெளிச் சனத்தின்ர வழிவந்த ஒரு கூட்டம் கனகாலம் கழிச்சு இந்தியாப் பக்கமும் போனது. வடக்கில கூடவாயும் தெற்கில குறைவாயும் அந்த ரத்தம் எங்கட சனத்திலயும் இருக்கு. அதை வைச்சு அங்கயும் அடிபாடுதான், அதை விடும்.

இந்த மூண்டும் சேர்ந்ததுதான் நீர். நாலு வருசத்துக்கு முன்னம் என்ர மனுசி ஒடியல் கூழ் காய்ச்சித் தந்தவ, ஞாபகமோ? நண்டு எது, பலாக்கொட்டை எது எண்டு பிரிச்சுக் கேட்டனீர். குடியுமன் எண்டனான். மூண்டு கோப்பை குடிச்சனீர்.

உம்மட மனுசி டிரெஸ்டன்காரி எண்டதுக்காக, சாக்சன்காரி பிறத்தியாள் எண்டு உம்மட தாயார் ரெண்டு வருசம் கதைக்கேல்லையாமே? தாயாருக்கு இதை ஆர் சொல்லுறது? அவுக்ஸ்புர்க்குக்குத் தெற்கே லெஹ் ஆற்றுப் பள்ளத்தாக்கில நாலாயிரம் வருசப் பழைய புதைகுழியளைத் தோண்டினால், ஆம்பிளையள் பெரும்பாலும் உள்ளூர், பொம்பிளையளில பாதிக்கு மேல தூர ஊர். எண்ணூறு வருசமாய் இதே வழக்கம். பவேரியாவில கி.பி. 500 மட்டில ஒரு கூட்டம் மருமக்கள் வந்திருக்கினம், குழந்தையில துணி சுத்தித் தலையை நீட்டாய் வளர்த்தவை. தென்கிழக்கு ஐரோப்பாவில இருந்து வந்தவை எண்டு 2018இல கண்டுபிடிச்சினம். நீட்டுத் தலை மருமகளையே மாமியார் ஏத்துக்கொண்டிருக்கிறா காணும்!

எனக்கு எல்லாத்திலயும் பிடிச்சது ஹோக்டார்ஃப் கதை. ஸ்டுட்கார்ட் பக்கத்தில ஒரு மண் மேடு. 1978இல தோண்டினால் 2,500 வருசத்துக்கு முந்தின கெல்ட் பிரபு ஒருத்தர், சப்பாத்தில தங்கத் தகடு, காலடியில 500 லீட்டர் பிடிக்கிற கிரேக்கத்து அண்டா. பத்துக் கிலோமீட்டர் தள்ளி அஸ்பெர்க்கில இன்னொரு பிரபு. ரெண்டு பேருக்கும் என்ன முறை எண்டு 2024இல மரபணு சொல்லிச்சு: தாய்மாமனும் மருமகனும். மாமன் சொத்து மருமகனுக்கு! இந்தச் செய்தியைப் பேப்பரில பார்த்தவுடனே என்ர மருமகன் அதை வெட்டிக் கொண்டுவந்து என்ர முன்னால வைச்சவன். நான் கண்ணாடியைக் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டன்.

எங்கட ஊரில 'வேலி அரக்கிறது' எண்டொரு தொழில் இருக்கு. ராவில கதியாலைப் பிடுங்கி அடுத்தவன்ர காணிக்குள்ள நாலு அங்குலம் தள்ளி நடுறது. உங்கட கிழக்கெல்லை முழுக்க அந்தத் தொழில்தான். முதல்ல ஜெர்மானியர் தெற்கயும் மேற்கயும் போக, வெறுமையான இடத்தில ஸ்லாவியர் வந்தவை. 12ஆம் நூற்றாண்டில இருந்து ஜெர்மன்காரர் திரும்பவும் கிழக்கை அரக்கிச்சினம். பெர்லின், லைப்சிக், டிரெஸ்டன் மூண்டும் ஸ்லாவியர் வைச்ச பேர். லவுசிட்சில இண்டைக்கும் சோர்பியர் தங்கட பாஷையில ஊர்ப் பலகை வைச்சிருக்கினம்.

மிச்சத்தைக் கெதியாய்ச் சொல்லுறன், பனி கொட்டுது. உம்மட தாளில பிரான்ஸ் எங்கயிருந்து வந்ததோ தெரியாது, ஆனால் 1685இல பிராண்டன்புர்க்கை ஆண்டவர் கூப்பிட்டு இருபதினாயிரம் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தியர் வந்தவை. உள்நாட்டு அமைச்சராய் இருந்த தெ மெசியேர் அந்த வழிதான். 1763இல ரஷ்ய ராணி கூப்பிட்டு வோல்கா ஆற்றுக்குப் போன ஜெர்மன்காரரின்ர பேரப்பிள்ளையள் இருநூறு வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்தால், அவையை 'ரஷ்யாக்காரர்' எண்டு கூப்பிட்டதும் நீங்கள்தான். 1945க்குப் பிறகு கிழக்கையிருந்து துரத்துப்பட்டு ஒரு கோடி இருபது லட்சம் பேர் சூட்கேசோட வந்து நிண்டவை. 1964இல கொலோனில பத்து லட்சமாவது கூலியாளாய் வந்த போர்த்துக்கல்காரருக்குப் பூச்செண்டும் மோட்டார் சைக்கிளும் குடுத்து வரவேற்றவை. எனக்கு ஒரு ரசீதுதான் தந்தவை, அது வேற கதை.

எங்கட ஆக்கள் மட்டும் யோக்கியமோ எண்டு கேட்டால், நான் பிறந்த ஊரில ஏழு தலைமுறை சொல்லி மீசை முறுக்கின பெரியவர் ஒருத்தரும், அவற்றை ஏழாவது தலைமுறை எங்கயிருந்து வள்ளம் ஏறி வந்தது எண்டு கேட்டவனைச் சன்னதம் ஆடித் துரத்தினதும் எனக்கு நல்ல ஞாபகம்.

அந்தத் தாளைக் கிழிச்சுப் போடாதேயும், பின்பக்கம் வெறுமையாய்த்தானே இருக்கு, பேரன் படம் கீறட்டும். இனி வேலிக் கதைக்கு வாறன். உம்மட வேலிச்செடி மூண்டு அடி என்ர வளவுக்குள்ள அரக்கி வந்திருக்கு. இந்த மாசத்துக்குள்ள வெட்டிப்போடும். மார்ச் 1 தொடக்கம் செப்டம்பர் 30 வரையில வேலியை ஒட்ட வெட்ட இந்த நாட்டுச் சட்டம் விடாது, குருவி கூடு கட்டுற காலமாம்.