காய்ச்சலுக்கு முன்னனுமதி

கேள்வி: டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். திரும்பிப் போனால், ‘அனுமதி இல்லாமல் பத்து நாளுக்கு மேல் வரவில்லை; நீங்களாகவே வேலையை விட்டதாகக் கணக்கு’ என்கிறார்கள். அவ்வளவுதானா?
– ஒரு வாசகர், ஓசூர்.

பதில்: இல்லவே இல்லை. காய்ச்சல் என்ன, லீவ் லெட்டர் கொடுத்துவிட்டா வரும்?

எட்டு நாளுக்கு மேல் வராதவருக்குத் தானாகவே வேலை போய்விடும் என்ற நிலையாணையை (ஸ்டாண்டிங் ஆர்டர்) காட்டி, ஒரு நிறுவனத்தில் ஒரு தொழிலாளியை வெளியேற்றினார்கள். விசாரிக்காமல் அனுப்பியது தவறு என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிச் சம்பள பாக்கியோடு அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கவும் வைத்தது. 2012-இல் ஓர் அரசு ஊழியர் வழக்கில் இன்னும் தெளிவு: வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று நிரூபித்தால்தான் அது ஒழுங்கீனம். நோயும் விபத்தும் அதில் சேராது.

படுக்கையிலிருந்தே மேலதிகாரிக்கு ஒரு வாட்ஸ்அப் தகவலாவது அனுப்பினீர்களா? உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. அதோடு மெடிக்கல் சர்ட்டிபிகேட், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், மருந்துக்கடை பில் எல்லாவற்றையும் இணைத்து, ‘வேலைக்கு வரத் தயார்’ என்று எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீது பத்திரம். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலரிடம் போங்கள்.

‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டி’ என்று ராஜினாமா கடிதத்தை நீட்டினால் மட்டும் பேனாவைத் திறக்காதீர்கள்!